ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம்

போன மாதம் எங்கள் சபையின் இளம் போதகர் ஒருவர் உடுப்பிட்டியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். மூப்பர்களாகத் தெரிவானவர்களின் பெயர்களை மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆராதனையில் வாசிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு தரம் போட்டால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள், மூன்று கிழமை ஏன் இழுக்க வேண்டும் என்பது அவர்களின் கேள்வி.

"அக்கா, நீங்கள் பழைய ஆள். என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் தேநீர் போட வேண்டியிருந்தது. போகும்போது, "இதை ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்றார். எழுதுகிறேன். என் வேலையில் நான் எதைக் கற்றேனோ அதில் பாதியை அப்படியான மூன்று ஞாயிறுகளில்தான் கற்றேன்.

நான் சபை ஊழியராக வேலை பார்த்தவள். போதகர் அல்ல, அந்தக் காலத்தில் பெண்களுக்கு அது கிடையாது. வீடு வீடாகச் சைக்கிளில் போவது, பெண்களைக் கூட்டி வேதாகமம் படிப்பிப்பது, திருவிருந்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு வினாவிடை சொல்லிக்கொடுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது இவைதான் என் வேலை. இரண்டு வருடப் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கே நல்ல சோறு போட்டார்கள், நிறையப் பாடமாக்க வைத்தார்கள். உண்மையான பயிற்சி கொடிகாமத்தில் தொடங்கியது.

எண்பத்து மூன்று யூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களில் எங்கள் சபைக் குடும்பங்கள் சிலவும் இருந்தன. உறவினர்களைத் தேடித் தென்மராட்சியில் உள்ள கொடிகாமத்துக்குப் போய்ச் சேர்ந்த அவர்கள், யாழ்ப்பாணப் பட்டணத்தில் இருந்த எங்கள் போதகரிடம் ஆள் அனுப்பினார்கள். "எங்களுக்கு இங்கை ஒரு ஆராதனை வேணும்." அவ்வளவுதான் செய்தி. அடுத்த வருடம் என்னை அங்கே அனுப்பினார்கள்.

கூடுவதற்கு இடம் தந்தவர் தம்பையா மாஸ்ரர். கொடிகாமம் சந்தையிலிருந்து கச்சாய் வீதியால் கொஞ்சத் தூரம் போனால் அவருடைய தென்னங்காணி. அதன் முன்பக்கத்தில் தேங்காய் குவிக்கும் ஒரு கொட்டில். சைவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, படிக்கிற வயதில் கிறிஸ்தவரானவர். கணக்கு வாத்தியார். நேர்மையான மனிதர், ஆனால் நேர்மையானவர் என்பதைத் தானும் மறக்காதவர். தேங்காய்களை ஒதுக்கிவிட்டு உட்கார வாங்கு போட்டுத் தந்தார். வாடகை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்த போதகர் ஞானரத்தினம் ஐயா. பட்டணத்திலிருந்து சைக்கிளில் வருவார். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் என்ன முறைப்பாடு கொண்டுவந்தாலும் இடையில் ஒரு சொல் பேசமாட்டார். சொல்லி முடித்ததும், கேட்டதைத் தன் வாயால் திரும்பச் சொல்லுவார். "நீர் சொல்லுறது இதுதானே, சரியோ?" சொன்னவர் "ஓம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்வரை மேலே ஒரு அடி வைக்கமாட்டார்.

வந்த புதிதில் ஒரு நாள், கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மாவைப் பற்றி நான் அவரிடம் நீளமாகப் புலம்பினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பிள்ளை, அந்த மனிசி உம்மை வாசலிலை நிக்கவைச்சுக் கதைச்சது, இருக்கச் சொல்லேல்லை. அதுதான் முறைப்பாடு. சரியோ?" என்றார். அப்படிக் கேட்டபோது அது எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்கே தெரிந்தது. "ஓம்" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் அதே வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று கதைத்தேன். ஒரு மாதத்தில் அந்த அம்மா கதிரை போட்டார்.

எண்பத்தாறாம் ஆண்டளவில் மரியதாஸ் குடும்பம் வந்தது. குருநகர்க் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர்கள். அங்கே கரையில் ஷெல் விழத் தொடங்கியபின் இடம்பெயர்ந்து, கச்சாய்க் கடலேரியில் தொழில் செய்துகொண்டு, சந்தைக்குப் பின்னால் ஒரு குடிசையில் இருந்தார்கள். எங்கள் கொட்டில் கூரைக்குக் கிடுகு வேய மரியதாஸ் வந்தார். கீழே நான் பெண்களுக்கு வினாவிடை நடத்திக்கொண்டிருந்தேன். கூரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, அந்தக் கேள்வியைத் திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன். அதற்கடுத்த கிழமை கூரை வேலை முடிந்திருந்தது; அவர் கீழே வந்து உட்கார்ந்தார். மனைவி றீற்றாவையும் கூட்டி வந்தார். ஒரு வருடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இருவரும் எங்களோடு சேர்ந்தார்கள். கத்தோலிக்கக் கோயிலில் பெற்ற ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான், திரும்பக் கொடுக்கத் தேவையில்லை என்று ஐயா சொல்லிவிட்டார். பதிலுக்கு மரியதாஸ், கத்தோலிக்கக் குருக்களைக் கூப்பிடுவதுபோல, ஐயாவைக் கடைசிவரை "சுவாமி" என்றே கூப்பிட்டார். ஐயா சில தரம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இந்தியன் ஆமி வந்தது, போனது. தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியது. இடம்பெயர்ந்து வருகிறவர்களால் கொட்டில் நிரம்பியது. சைவர்கள் வந்து கடைசி வாங்கில் இருந்து கேட்டார்கள். அவர்களில் சிலர் முன் வாங்குக்கு வந்தார்கள். இனிமேல் இதைச் சபையாக்க வேண்டும் என்றார் ஐயா.

வெளியார் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். எங்களுடையது சீர்திருத்த சபை. பிஷப் கிடையாது. சபையார் வாக்குப்போட்டுத் தெரிவுசெய்யும் மூப்பர்களும் போதகரும் சேர்ந்துதான் சபையை நடத்துவார்கள். மூப்பர் இல்லாத இடத்தில் எத்தனை பேர் கூடினாலும் அது ஊழிய நிலையம்தான். சபை என்ற பெயர் அதற்கு இல்லை. ஆகவே கொடிகாமத்தில் சபை பிறப்பது இரண்டு மூப்பர்களைத் தெரிவுசெய்வதில் தங்கியிருந்தது.

அப்போது கடதாசிக்குத் தட்டுப்பாடு. பழைய கலண்டர்களின் பின்பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டினேன். திருவிருந்து எடுக்கும் ஒவ்வொருவரும் இரண்டு பெயர் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள், பட்டணத்திலிருந்து ஐயாவோடு வந்த மூப்பரின் காதில் சொன்னார்கள். யாருக்குப் போடு என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் யாருக்குப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். காய்ச்சல்காரரைச் சைக்கிள் கரியரில் வைத்துச் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் யார், ஷெல்லடிக்குப் பதுங்க வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டிக் கொடுத்தவர் யார் என்பதைப் பெண்கள் மறப்பதில்லை.

முதற்பெயர் தம்பையா மாஸ்ரர். அது எல்லோரும் எதிர்பார்த்தது. இரண்டாவது மரியதாஸ்.

மரியதாஸ் எழுந்து நின்றார். "சுவாமி, இதிலை ஏதோ பிழை. திருப்பி எண்ணிப் பாருங்கோ."

"எண்ணினது நானில்லை, பட்டணத்து மூப்பர். அவர் பாங்கிலை வேலை செய்யிறவர்" என்றார் ஐயா. எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்ரர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒழுங்கு இதுதான்: மூன்று ஞாயிறு ஆராதனையின் முடிவில் போதகர் இருவரின் பெயரையும் வாசித்து, "இவர்களின் விசுவாசத்திலோ நடத்தையிலோ ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம்" என்று கேட்பார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அந்த மௌனமும் ஒழுங்கின் ஒரு பகுதி. முதல் ஞாயிறு ஒருவரும் எழும்பவில்லை.

இரண்டாம் ஞாயிறு தம்பையா மாஸ்ரர் எழுந்தார்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு. மரியதாஸ் கடலிலை ஆபத்து வந்த நேரம் மாதாவைக் கூப்பிட்டு மன்றாடினவர். அவரோடை போனவையே சொல்லுகினம். பிறகு அந்தோனியார் கோயிலுக்கு அவரின்ரை வீட்டிலையிருந்து மெழுகுதிரியும் போனது. எங்கடை சபையின்ரை மூப்பருக்கு இது பொருந்தாது."

றீற்றா தலையைக் குனிந்துகொண்டாள். ஐயா வழக்கம்போல அதைத் திரும்பச் சொன்னார். மாஸ்ரர் "ஓம், அதுதான்" என்றார்.

"ஆட்சேபம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. புதன்கிழமை பின்னேரம் விசாரிப்பம்" என்று சொல்லி, ஆசீர்வாதம் கூறி அனுப்பினார்.

எனக்குக் கொதித்தது. சந்தைவரை ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு போக, நான் கூடவே நடந்தேன்.

"ஐயா, அவருக்கு உண்மையிலை என்ன பிரச்சினை எண்டு உங்களுக்குத் தெரியாதோ? கடற்றொழில் செய்யிற ஒருத்தரோடை சரிக்குச் சரியா இருக்க அவருக்கு ஏலாது. சாதிதான் காரணம். மெழுகுதிரி இல்லை."

"அப்பிடி அவர் சொன்னவரோ?"

"சொல்லுவாரோ?"

ஐயா நின்றார். "பிள்ளை, அவர் சொன்ன காரணத்தைத்தான் நான் விசாரிக்கலாம். சொல்லாததை விசாரிக்க எனக்கு அதிகாரமில்லை. அதோடை அவர் சொன்னது சின்ன விஷயமும் இல்லை. கடவுளுக்கும் எங்களுக்கும் நடுவிலை ஒரே மத்தியஸ்தர்தான் எண்டு கூரையிலை இருந்தவருக்குப் படிப்பிச்சது நீர்தானே?"

"ஓம்."

"அப்ப அதுக்கு மதிப்புக் குடுத்து விசாரிப்பம். காரணத்தை ஒழுங்கா விசாரிச்சா, அதுக்குப் பின்னாலை ஒளிச்சிருக்கிறது தானா வெளியிலை வரும். இழுத்தா வராது."

அப்போது அதை நான் முழுதாக நம்பவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அவர் சொன்னபடி நடந்துகொண்டேன். ஒருவரிடமும் ஒரு சொல் கதைக்கவில்லை. அது லேசாக இருக்கவில்லை. கொழும்புக் குடும்பங்கள், மரியதாசை விலக்கினால் தாங்களும் வரமாட்டோம் என்றன. வேறு சிலர், மாஸ்ரர் கோபித்தால் கொட்டில் போய்விடும், எங்கே கூடுவது என்றார்கள். எட்டு வருட வேலை அந்த ஒரு கிழமைக்குள் உடைந்துபோகக்கூடும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

றீற்றாவைப் பார்க்கப் போனேன். அழுதாள். "நாங்கள் எங்கடை கோயிலுக்கே திரும்பிப் போறம் அக்கா. அங்கை எங்களை ஒருத்தரும் எழுப்பி வைச்சுக் கேள்வி கேக்கேல்லை."

வெளியே மரியதாஸ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்: "புதன்கிழமை நான் வாறன் அக்கா. கேக்கட்டும்."

புதன்கிழமை கொட்டிலில் ஐந்து பேர். ஐயா, பட்டணத்து மூப்பர், மாஸ்ரர், மரியதாஸ், நான். றீற்றா கேட்டுக்கொண்டதால் என்னை இருக்கவிட்டார்கள். ஐயா ஜெபம் செய்தார். ஆட்சேபத்தை இன்னொரு தரம் சொன்னார். பிறகு மரியதாசின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லுங்கோ."

"ஓம் சுவாமி. கூப்பிட்டனான்."

அவ்வளவு நேரடியாக வரும் என்று மாஸ்ரரும் எதிர்பார்க்கவில்லை போலும், நிமிர்ந்து பார்த்தார்.

"ஹெலி வந்து சுட்டது. என்ரை மச்சான் வள்ளத்துக்குள்ளை விழுந்து கிடக்கிறான். ரத்தம். வள்ளத்துக்குள்ளை தண்ணி ஏறுது. மாதாவே, மாதாவே எண்டுதான் கத்தினனான். மெழுகுதிரி கொளுத்தினது நானில்லை, என்ரை அம்மா. மச்சான் பிழைச்சதுக்காக. அவவை நான் மறிக்கேல்லை. மறிக்கவும் மாட்டன்."

ஐயா திரும்பச் சொன்னார். "ஆபத்திலை மாதாவைக் கூப்பிட்டனீங்கள். தாய் மெழுகுதிரி கொளுத்தினதை மறிக்கேல்லை. சரியோ?"

"சரி."

"இப்ப அதைப் பற்றி என்ன நினைக்கிறியள்?"

மரியதாஸ் தன் கைகளைப் பார்த்தார். தொழில் செய்து காய்த்த கைகள். "கரைக்கு வந்த பிறகு யோசிச்சனான். யேசுவைக் கூப்பிட்டிருந்தாக் காணும் எண்டு எனக்குத் தெரியும். அக்கா படிப்பிச்சவ. நான் அதை நம்புறன். ஆனா அண்டைக்கு வாயிலை வந்தது அதுதான். சின்னனிலை இருந்து அந்தச் சொல்லுத்தானே. இன்னொரு நாள் அப்பிடி வந்தா வாயிலை என்ன வருமெண்டு இப்ப என்னாலை சொல்லேலாது. பொய் சொல்லி மூப்பராக எனக்கு விருப்பமில்லை சுவாமி. வேறை ஆளைப் போடுங்கோ."

ஐயா மாஸ்ரரின் பக்கம் திரும்பினார். "மாஸ்ரர், இப்ப எல்லாம் கேட்டுப்போட்டியள். உங்கடை ஆட்சேபம் நிக்குதோ?"

ஓம் என்றால் மரியதாஸ் போகிறார். அவரோடு பாதிச் சபை போகிறது. மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு யாரையும் பாராமல் பேசத் தொடங்கினார்.

"போன மாசம் சந்தைக்கு மேலை பொம்பர் சுத்தினது. நான் அங்கைதான் நிண்டனான். எல்லாரும் விழுந்து படுத்தம். வாழைக்குலையளுக்கு நடுவிலை கிடக்கிறன். குண்டு விழுற சத்தம். நான்..."

நிறுத்தினார். ஐயா காத்திருந்தார்.

"முருகா, முருகா எண்டுதான் கத்தினனான். பக்கத்திலை கிடந்த யாவாரப் பொம்பிளை என்னைத் திரும்பிப் பார்த்து, 'மாஸ்ரர், நீங்கள் வேதக்காரர் எல்லோ?' எண்டு கேட்டது."

பட்டணத்து மூப்பர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. முதலில் சத்தமாகச் சிரித்தவர் மரியதாஸ்தான். பிறகு மாஸ்ரரும் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

"ஆட்சேபத்தை மீளப் பெறுறன். ஆனா ஐயா, நானும் மூப்பராக ஏலாது."

"உங்களுக்கு எதிரா ஒருத்தரும் ஆட்சேபம் சொல்லேல்லையே."

"நானே சொல்லுறன்."

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் சிரித்துச் சமாளித்து, எல்லாம் சரி என்று எழுந்திருப்பார்கள். ஐயா எழுந்திருக்கவில்லை. "அப்ப அதையும் விசாரிப்பம். இருங்கோ" என்றார். மரியதாசுக்குச் செய்த அதே ஒழுங்கில், அதே குரலில் கேட்டார். "ஆபத்திலை முருகனைக் கூப்பிட்டனீங்கள். சரியோ? இப்ப அதைப் பற்றி என்ன நினைக்கிறியள்?" மாஸ்ரர், படிக்கும் பிள்ளை போல, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் ஐயாவும் பட்டணத்து மூப்பரும் வெளியே போய்த் தென்னைக்குக் கீழே நின்று கதைத்துவிட்டு வந்தார்கள்.

"பயத்திலை வாயிலை வந்த சொல்லுக்காக ஒருத்தரை விலக்கிறதெண்டா இந்தக் குடாநாட்டிலை எங்களுக்கு ஒரு மூப்பரும் கிடைக்காது. நீங்கள் ரெண்டு பேரும் மறைக்கேல்லை. அது காணும். மூண்டாவது ஞாயிறு ரெண்டு பேரையும் வாசிப்பன்."

வாசித்தார். மௌனமாக நின்றார். இந்த முறை ஒருவரும் எழும்பவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட, கை வைத்து ஜெபித்து மூப்பர்களாக்கினார்கள். அன்றிலிருந்து கொடிகாமம் சபை. மாஸ்ரரின் சொந்தக்காரர் ஒருவரும் அன்று வரவில்லை. கடற்றொழிலாளி ஒருவரோடு அவர் சரிசமமாக முழந்தாளிடப் போகிறார் என்று ஊருக்குள் கதை பரவியிருந்தது.

மூப்பர்கூட்டம் மாதம் ஒரு வீட்டில் முறைவைத்து நடக்கும். மரியதாஸ் வீட்டு முறை வந்தபோது றீற்றா தவித்துப்போனாள். "அவர் மச்சம் சாப்பிடாதவர் அக்கா. எங்கடை சட்டியெல்லாம் மீன் சட்டி. தேத்தண்ணியாவது குடிப்பாரோ?" புதுச் சட்டி ஒன்று வாங்கி, பிட்டு அவித்து, கத்தரிக்காய்க் கறி வைத்தாள். மாஸ்ரர் குனிந்து குடிசைக்குள் வந்தார். பாயில் இருந்தார். சாப்பிட்டார். "பிள்ளை, இன்னும் கொஞ்சம் கறி விடும்" என்று றீற்றாவிடம் கேட்டார்.

திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, நான் அண்டைக்குச் சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனா அது மட்டும் இல்லை."

"தெரியும் மாஸ்ரர்."

"ஐயாவுக்கும் தெரியுமோ?"

"ஐயாவுக்குத் தெரியாமல் இருக்குமோ?"

"ஒரு சொல்லுக் கேக்கேல்லையே அந்த மனிசன்" என்றார்.

பிறகு சபை வளர்ந்தது. அரசாங்கம் சீமெந்து வர விடாத காலம். மண் குழைத்துச் சுவர் எழுப்பினோம். பனஞ்சலாகை கொண்டு கூரையை நீட்டினோம். மாஸ்ரர் ஞாயிறு பள்ளியை எடுத்தார். மரியதாஸ் வீடு சந்திப்பை எடுத்தார். கொடிகாமத்தைச் சுற்றி நாங்கள் போகாத ஒழுங்கை இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்: கடற்றொழில் செய்கிறவர்களும் தோட்டம் செய்கிறவர்களும் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுத்த இடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதிகமில்லை.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேற, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து எழும்பி வந்தது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்து நடந்து வந்த சனம் தென்மராட்சியில் இடமில்லாமல் மரங்களுக்குக் கீழேயும் இருந்தது. எங்கள் சபைக் கட்டடம் முதல் நாளே நிரம்பிவிட்டது. மாஸ்ரரின் வீட்டு விறாந்தை, மாட்டுக்கொட்டில், தென்னந்தோப்பு எல்லாம் சனம். எல்லா ஊரும், எல்லாச் சாதியும். அந்த இடத்தில் நல்ல தண்ணீர் இருந்தது மாஸ்ரரின் வீட்டுக் கிணற்றில்தான். அவருடைய தகப்பன் காலத்தில் வேறு சாதியார் தொட்டிராத கிணறு அது.

மரியதாஸ் கிணற்றுக் கட்டில் நின்று தண்ணீர் அள்ளி, வரிசையில் வருகிறவர்களின் பாத்திரங்களில் வார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்காள் வாளியைப் போட்டுக் கலக்கினால் கிணறு தாங்காது என்று மூப்பர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. நான் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றேன்.

மாஸ்ரரின் தமக்கையார் வலிகாமத்திலிருந்து குடும்பத்தோடு நடந்து வந்து அன்று காலைதான் சேர்ந்திருந்தார். சேலைக்கரை முழுவதும் சேறு. ஒரு குடத்தோடு வந்தவர் வரிசையைப் பார்க்காமல் நேராகக் கிணற்றடிக்குப் போனார். மரியதாசைக் கண்டதும் நின்றுவிட்டார். தம்பியைத் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"தம்பி, எங்கடை கிணத்துக்கட்டிலை நிக்கிற உவன் ஆர்?"

வரிசை அப்படியே அசையாமல் நின்றது. மரியதாஸ் வாளியைக் கையில் பிடித்தபடி நின்றார். மாஸ்ரர் தமக்கையாரிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பிழை திருத்துகிற அதே தொனிதான்.

"உவன் இல்லை அக்கா, உவர். உவர் எங்கடை சபை மூப்பர். தண்ணி உவர்தான் வாக்கிறார். நீங்கள் வரிசையிலை வாங்கோ, நானும் உங்களோடை வந்து நிக்கிறன்."

குடத்தைத் தான் வாங்கிக்கொண்டு, தமக்கையாரின் கையைப் பிடித்து வரிசையின் கடைசிக்குக் கூட்டிப் போனார். தன் சொந்தக் கிணற்றுத் தண்ணீருக்குத் தானே வரிசையில் நின்றார். முறை வர வெகுநேரம் பிடித்தது. வந்தபோது தமக்கையார் தம்பியின் கையிலிருந்த குடத்தைத் தானே வாங்கி, மரியதாசின் முன்னால் நீட்டினார்.